மழைக்கும் மண்சரிவுக்கும் நடுவே நடப்பதை எழுதுவது எப்படி?

"மழை கூடினால் மண்சரிவு ஏற்படும்." இலங்கையின் மலையகத்தில் தரம் 8, 9 மாணவர்களின் விடைகளில் அடிக்கடி காணும் வரி இது. பிழையில்லை. ஆனால் மண்ணுக்குள் நடப்பது எதுவும் அதில் இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் புதையுண்ட கதையைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். மண்சரிவு இவர்களுக்குப் புதிதல்ல. கண்ணால் கண்டதை வரிசைப்படுத்தி எழுதும் வாய்ப்புத்தான் கிடைப்பதில்லை.

அந்த வாய்ப்பை வகுப்பறையிலேயே உண்டாக்கலாம். அகன்ற தட்டில் மணல் கலந்த மண்ணைச் சாய்வாகக் குவித்து, அதன்மேல் தீப்பெட்டிகளை லயன் வரிசையாக வைக்க வேண்டும். மூடியில் துளையிட்ட போத்தல்தான் மழை. ஒருவர் நீரை அளந்து ஊற்ற, இன்னொருவர் ஒவ்வொரு கோப்பைக்கும் பிறகு கண்டதை மட்டும் எழுதுவார்.

பாடமாக்கிய வரி இங்கேதான் தடுமாறும். முதலில் மண் சரிவதில்லை. உலர்ந்தபோது உதிர்ந்த விளிம்புகூட ஈரம் பட்டதும் இறுகி நிற்கும். மணல்மணிகளுக்கிடையே படரும் மெல்லிய நீர், பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. மேலும் ஊற்றினால் இடைவெளிகள் நிரம்பி அந்தப் பிடிப்பு போய்விடும். நிரம்பிய நீரின் அமுக்கம், மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைக் குறைக்கிறது, உராய்வு தளர்கிறது, மண்ணின் எடையோ கூடிவிட்டது. தீப்பெட்டிகளுக்கு மேலே மயிரளவு வெடிப்பு ஒன்று தெரியும். பிறகு சாய்வு தீப்பெட்டிகளோடு இறங்கும்.

இதைப் பார்த்தவர் எழுதும்போது இறுகியது, நிரம்பியது, வெடித்தது, இறங்கியது என்று வினைகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சோதனையைப் பார்க்காத ஒரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வாசித்துப் படம் வரைய வேண்டும். வெடிப்பைத் தீப்பெட்டிகளுக்குக் கீழே வரைந்தால் குறை குறிப்பில்தான். "மேலே ஒரு வெடிப்பு" என்று எழுதியவர், எதற்கு மேலே என்பதைத் தானே சேர்ப்பார். ஆசிரியரின் சிவப்புப் பேனாவைவிட இந்தத் திருத்தம் மனதில் நிற்கும்.

அளவும் அப்படித்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் மழையை மில்லிமீற்றரில் சொல்கின்றன. "நிறைய மழை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

தட்டு மலையாகிவிடாது. பாறையும் தேயிலை வேரும் அதில் இல்லை. அதையும் மாணவர்கள் எழுத வேண்டும். அடுத்த பாடத்தில் சாய்வுக்கு மேலே நீர் வடிய ஒரு கான் வெட்டி, அதே அளவில் நீர் ஊற்றி, எத்தனையாவது கோப்பையில் சரிகிறது என்று ஒப்பிட்டு எழுதச் சொல்லலாம்.