பெருக்கங்கன்று பிழைக்க வேண்டுமானால்

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான மாலியிலும் புர்கினா பாசோவிலும் ஊரையொட்டிய வயல்களில் பருத்த பெருக்கமரங்களை (பாவோபாப்) பார்க்கலாம். இடுப்பளவுக் கன்று கண்ணில் படுவதுதான் அரிது. ஆப்பிரிக்காவின் மிக மூத்த 13 பெருக்கமரங்களில் 9 மரங்கள் முழுதாகவோ அவற்றின் மூத்த தண்டுகளோ ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குள் பட்டுப்போயின என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. வறட்சியும் வெப்பமும் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் கிழமரம் விழுவதைவிடக் கவலை தருவது, அந்த இடத்தை நிரப்ப இளமரம் இல்லாததுதான். முளைத்த கன்றை ஆடும் மாடும் மிச்சம் வைப்பதில்லை.

கன்று வளர்ப்பதில் முதல் தடை விதைத்தோல். அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் முளைக்காது. விதையின் காம்புத் தழும்புக்கு எதிர்ப்புறம் தோலை லேசாக நறுக்குங்கள், அல்லது உப்புத்தாளில் தேய்த்து உள்வெள்ளை தெரிந்ததும் நிறுத்துங்கள். பிறகு ஒரு நாள் நீரில் ஊறட்டும். மணல் மிகுந்த கலவையில் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் போதும். கிழங்குபோலப் பருக்கும் ஆணிவேர் வேகமாகக் கீழிறங்கும். அதனால் பை 25 செ.மீ. ஆழமாவது வேண்டும். குட்டைப் பையில் வேர் சுருண்டுவிடும், நட்டபின் அது நிமிராது.

நாற்றங்காலில் கன்றுகள் சாவது பெரும்பாலும் தண்ணீர் மிகுந்துதான். மண் மேலே காய்ந்த பிறகே ஊற்றுங்கள். மழையில்லாத பருவத்தில் இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும் கன்று செத்துவிட்டது என்று எண்ணி நீர் வார்த்தால் வேர் அழுகும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

வெயிலும் வடிகாலும் உள்ள இடத்தில், மழை தொடங்கியதும் நடலாம். மரத்துக்கு மரம் 10 மீட்டர் விடுங்கள். நீர் தேங்கும் களிமண்ணும் உறைபனி விழும் மேட்டுநிலமும் ஆகாது. முள்வேலியை ஒரு பருவத்தோடு எடுத்துவிடாதீர்கள். நுனி ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை, அது எத்தனை ஆண்டானாலும், இருக்கட்டும்.

இன்னொன்று இலை. சகாராப் பாலைவனத்தின் தெற்கு ஓரமான சாகேல் பகுதியில் குழம்புக்கு அது அன்றாடத் தேவை. கிளைகளை ஆண்டுதோறும் மொட்டையடித்தால் பூ இல்லை, காயும் இல்லை, அடுத்த தலைமுறைக்கு விதையும் இல்லை. இலைக்கென்று தனிப்பாத்தி போடுங்கள்: நெருக்கமாக விதைத்து, கீரைபோல அறுத்துக்கொள்ளலாம். காய்க்கும் மரத்தில் எல்லாக் கிளைகளிலும் ஒரே ஆண்டில் கத்தி வைக்காதீர்கள்.