இம்ப்ளான்ட் பல் வைப்பதற்கு முன் நான் கேட்பவை

"டாக்டரம்மா, அந்த ஆணி உள்ளே போய் விஷமாகிடாதா?"

யாங்கூனில் என்னிடம் வரும் நம் ஆட்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். தாட்டோனிலிருந்து வந்த பருப்புக் கடை ஐயாவும் கேட்டார். வயது 62. கீழே கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. கழற்றி மாட்டும் செட் ஆடுகிறது என்று அலமாரியில் போட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் மகள் கல்யாணம், அதற்குள் பல் வேண்டும்.

விஷமாகாது. அந்த ஆணி, தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு; அதன்மேல்தான் பல் கேப்பை மாட்டுவோம். எலும்பு அதை ஒதுக்குவதில்லை, அதோடு ஒட்டி வளர்கிறது. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1950களில் முயல் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். வரவில்லை. 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும் வரை, 40 வருடத்துக்கு மேல், அவை அவர் வாயில் நிலைத்திருந்தன. ஆள் பார்த்துச் சரியாக வைத்தால் பத்து வருடம் கழித்தும் 100க்கு 90க்கு மேல் நிற்கின்றன.

எனக்குக் கவலை, திருகு போய் உட்காரும் வாயைப் பற்றி. பொதுவாக மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்க வேண்டும். ஐயாவுக்கு இரண்டு விரலே சிரமப்பட்டுத்தான் நுழைந்தது. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தடவிப் பார்த்தால் வார் பிடித்த மாதிரி இறுகியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வெற்றிலை என்றேன். "கணக்கெல்லாம் இல்லம்மா." சட்டைப் பையில் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.

இது பாக்கு செய்த வேலை. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். புகையிலை சேர்க்காமல் போட்டால் ஒன்றும் செய்யாது என்பது நம்மிடையே உள்ள தவறான நம்பிக்கை; பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். இறுகிய வாயில், கடைவாய்ப் பக்கம் துளை போடும் கருவியை நேராகப் பிடிக்கவே இடமிருக்காது. புற்றாக இருக்குமோ என்று, சதை எடுத்துப் பரிசோதிக்க முதலில் அனுப்பினேன். நல்லவேளை, புற்று இல்லை.

அடுத்து சர்க்கரை. மூன்று மாத சராசரி (HbA1c) 9.4 சதவீதம் வந்தது. சர்க்கரை இருந்தாலே இம்ப்ளான்ட் கூடாது என்று பயப்பட வேண்டாம், கட்டுக்குள் இருந்தால் வைக்கலாம். 9க்கு மேல் இருக்கும்போது புண் எளிதில் ஆறாது, சீழ் பிடிக்கலாம். திருகு எலும்போடு ஒட்டவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கல்யாணத்துக்கு நல்ல செட்டாக ஒன்று புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் சம்மதித்தார்.

பெண்களிடம் இன்னொன்றும் கேட்பேன். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறீர்களா? அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். அந்த வகை மருந்து, அதிலும் புற்றுநோய்க்காக ஊசியாகப் போடுவது, தாடை எலும்பு ஆறாமல் அழுகக் காரணமாகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், சொல்லிவிடுங்கள், அது போதும்.

கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. திருகு அதைத் தொட்டால் உதடு மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாக. ஸ்கேனில் அளந்து, குறைந்தது 2 மில்லிமீட்டர் இடம் விடுவோம். அளக்காமல் இன்றைக்கே வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாங்காக் போய் வைத்துக்கொண்டு வந்த ஓர் அம்மாவுக்கு மேலே உள்ள கேப் ஆடத் தொடங்கியது. எந்தக் கம்பெனித் திருகு என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் அதை முடுக்கும் சாவி வேறு. எது என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் போனது. திருகு வந்த பெட்டியில் பெயரும் எண்ணும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வைத்த பிறகும் தேய்க்க வேண்டும். இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, ஆனால் தேய்க்காவிட்டால் ஈறு கெட்டுச் சுற்றியுள்ள எலும்பு கரையும். பெரும்பாலும் வலியே இருக்காது. தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.

பருப்புக் கடை ஐயா போன வாரம் வந்தார். சர்க்கரை 7.2. தினமும் வாய்ப் பயிற்சி செய்ததில் இரண்டரை விரல் நுழைகிறது. சட்டைப் பையைத் தானே கவிழ்த்துக் காட்டினார், நாலு கிராம்பு விழுந்தது. ஸ்கேனுக்கு நாள் குறித்திருக்கிறோம்.