தாங்கு சுவருக்கு முட்டு எந்தப் பக்கம்?

மண் சரியாமல் தடுத்து நிறுத்துவது தாங்கு சுவர். அதன் பின்னால் மூன்று மீட்டர் உயரத்துக்கு உலர்ந்த மணலை நிரப்பினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மணல் சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். உயரத்தை ஆறு மீட்டராக்கினால் தள்ளுவிசை நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்கு. அதனால்தான் ஆறு மீட்டருக்கு மேல் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போவது வீண் செலவு. முட்டு கொடுப்பதே மலிவு.

மண் பக்கம் புதையும் முக்கோண முட்டு கவுண்டர்ஃபோர்ட். சுவரின் உயரத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இடைவெளி விட்டு இதை அமைப்பார்கள். சுவர் வெளியே சாயப் பார்க்கும்போது இது அடித்தளத்தோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. அடித்தளத்தின் மேல் கிடக்கும் மண்ணின் எடையும் உதவிக்கு வருகிறது. கான்கிரீட்டுக்கு இழுவிசை ஆகாது. ஆகவே முட்டின் சாய்ந்த விளிம்பு நெடுகப் பெரிய கம்பிகள் ஓட வேண்டும். சுவரை முட்டோடு பிணைக்கும் கிடைக்கம்பிகளை விட்டுவிட்டால், முட்டு நிற்கும், சுவர் பிய்ந்து வரும்.

வெளிப்பக்கம் கட்டும் பட்ரஸில் கதை தலைகீழ்: அது அழுத்தப்படுகிறது, கம்பி குறைவாகவே போதும். ஆனால் கண்ணுக்குத் தெரியும், இடத்தையும் அடைக்கும்.

சென்னை அடுக்குமாடிகளின் பேஸ்மெண்ட் சுவருக்குப் பெரும்பாலும் தரைத்தள ஸ்லாப்தான் முட்டு. ஸ்லாப் போடும் முன்பே அவசரமாகப் பின்னால் மண்ணைக் கொட்டினால், மேல்முனையில் பிடிப்பில்லாத சுவர் அடியில் விரிசல் விடும். அதற்குப் போதிய கம்பி அங்கே இருக்காது.

எந்த முட்டுக்கும் உண்மையான சோதனை தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மூன்று மீட்டர் மண் முழுக்க நீரில் ஊறினால், 2.7 டன் ஏறக்குறைய 6 டன் ஆகிவிடும். தோண்டிய களிமண்ணையே திரும்ப நிரப்புவது மிச்சம் போலத் தெரியும். அது நீரை வடியவும் விடாது, ஈரத்தில் வீங்கித் தள்ளவும் செய்யும். சுவரை ஒட்டி 300 மி.மீ. அகலத்துக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடும் வடிதுணி, சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வெளிப்பக்கம் சாய்ந்த 75 மி.மீ. பி.வி.சி. குழாய் என்று வைக்க வேண்டும். பேஸ்மெண்டில் குழாய் வைக்க முடியாது. வைத்தால் நீர் உள்ளே வந்துவிடும். அங்கே முழு நீரழுத்தத்துக்கும் கணக்குப் போட்டே கட்ட வேண்டும்.

ஏற்கெனவே சாய்ந்த காம்பவுண்டு தாங்கு சுவருக்கு பட்ரஸ்தான் வழி. பின்னால் தோண்டுவது ஆபத்து. முதலில் துளையிட்டு நீரை வடிய விடுங்கள். பிறகு பட்ரஸின் அடித்தளத்தைப் பழைய சுவரின் ஆழத்துக்குக் குறையாமல் இறக்குங்கள். மேலாக உட்காரவைத்த பட்ரஸ் அடுத்த மழையில் தானே அமிழ்ந்து, சுவரை விட்டு விலகிவிடும்.