பழைய கார் எங்கிருந்து மூச்சு விடுகிறது?

சித்தப்பாவின் டட்சன் 120ஒய் என்னைவிட மூத்தது. போன மாதம் காக்கி புக்கிட்டில் ஒரு கடையில் அதற்கு ஏர் ஃபில்டர் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். கூம்பு வடிவம், குரோம் மூடி, எண்ணெய் தடவிய சிவப்புப் பருத்தித் துணி. "இதப் போட்டா காத்து தாராளமாப் போகுமாம்பா. வாங்கிடவா?" என்றார். காற்று தாராளமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய கருவியான கார்புரேட்டர் உள்ள வண்டிக்கு ஃபில்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது இல்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் அது 9,000 லிட்டருக்கும் மேல். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இன்றைய கார்களில் உணர்கருவிகள் காற்றை அளந்து சொல்ல, கணினி அதற்கேற்பப் பெட்ரோல் விடுகிறது. கார்புரேட்டரில் கணினி இல்லை. காற்றின் ஓட்டமே அங்கு அளவுகோல். நடுவில் ஒடுங்கிய குழாய் ஒன்றின் வழியே காற்று பாய்கிறது. ஒடுக்கத்தில் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. பெர்னூலி 1738இல் நூலாக வெளியிட்ட தத்துவம் இது. பக்கத்தில் ஃப்ளோட் சேம்பர் என்ற சிறு தொட்டியில் பெட்ரோல் நிற்கிறது. அதன் மேற்பரப்பில் காற்றழுத்தம் அதிகம், ஒடுக்கத்தில் குறைவு. அந்த வித்தியாசம் பெட்ரோலை ஜெட் என்ற சிறு துளை வழியாக மேலே தள்ளுகிறது. குழாய் போட்டு இளநீர் குடிப்பதும் இதே வேலைதான்.

இப்போது அந்தத் "தாராளம்" எவ்வளவு உதவும் என்று பார்ப்போம். 1,171 சிசி எஞ்சின் முழு வேகத்தில், நிமிடத்துக்கு 5,000 சுற்றில், வினாடிக்குச் சுமார் 40 லிட்டர் காற்றை இழுக்கும். அங்கே ஃபில்டரின் தடை ஓரளவு தெரியும். ஆனால் இங்கே எந்த விரைவுச்சாலையிலும் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதி இல்லை. அந்த வேகத்தில், நாம் பெடலை மிதிக்கும் அளவுக்குத் திறந்து காற்றை விடும் த்ராட்டில் தகடு பாதிகூடத் திறந்திருக்காது. எஞ்சினின் மூச்சைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தகடுதான். கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, வாசலில் தொங்கும் கொசுவலையை மெல்லியதாக மாற்றினால் வீட்டுக்குள் காற்று கூடுமா?

ஆனால் அதே சிறு தடை வேறோர் இடத்தில் பெரிதாகிவிடும். ஒடுக்கத்தில் காற்று வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் ஏறத்தாழ 2,000 பாஸ்கல் குறையும். அடைத்துப்போன ஃபில்டர் தன் பங்குக்கு இன்னும் 500 பாஸ்கலைக் குறைக்கிறது. ஃப்ளோட் சேம்பர் வெளிக்காற்றிலிருந்து மூச்சு விடும் வகையானால், பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் 2,500 ஆகிவிடும். பெட்ரோல் சுமார் 12 விழுக்காடு கூடுதலாகப் பாயும். கறுப்புப் புகை, கரி படிந்த ஸ்பார்க் பிளக், காலியாகும் டேங்க் எல்லாம் அதனால்தான். அதே சேம்பரின் மூச்சுக்குழாய் ஃபில்டருக்கு உட்புறம், கார்புரேட்டர் வாய்க்குள் திறந்தால் கதை வேறு. தொட்டியிலும் ஒடுக்கத்திலும் அழுத்தம் சேர்ந்தே குறையும். கலவை பெரிதாக மாறாது. ஃபில்டரைத் தொடுமுன் அந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அவ்வளவு முக்கியம். கூம்பு ஃபில்டருடன் வரும் தகடு சில நேரம் அந்தக் குழாயின் வாயிலேயே போய் உட்கார்ந்துவிடும்.

மினி போன்ற ஆங்கிலேயக் கார்களில் இருக்கும் எஸ்யூ கார்புரேட்டரில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. அதில் ஒடுக்கமே அசையும். ஒரு பிஸ்டன் காற்றின் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். அது ஏற வேண்டுமானால் அதன் அடிப்பக்கத்துக்கு வெளியழுத்தம் வந்து சேர வேண்டும். அந்த அழுத்தம் வருவது ஃபில்டர் பொருந்தும் முகப்பில் உள்ள சிறு துளை வழியாக. நண்பனின் மினியில் புது ஃபில்டர் மாட்டிய நாளிலிருந்து மிதிக்க மிதிக்க வண்டி திணறியது. இரண்டு பட்டறைகளில் ஜெட்டையும் டைமிங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டைத் தலைகீழாக வைத்ததில் அந்தத் துளை அடைபட்டிருந்தது. திருப்பி வைத்தோம், வண்டி ஓடியது. ஃபில்டர் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

அடுத்தது வெப்பம். பழைய ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பை மாட்டினால், அது போனட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றைத்தான் குடிக்கும். வெளியே 30 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 10 விழுக்காடு குறைவு. சக்தியும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். அடர்த்தி குறைந்ததைக் கார்புரேட்டர் முழுதாக உணராது என்பதால் கலவையில் பெட்ரோல் சுமார் 5 விழுக்காடு மிகுந்துவிடும். மாலை நெரிசலில் தீவு விரைவுச்சாலையில் ஊர்ந்து போகும் வண்டிக்கு இது இரட்டை நட்டம். பழைய பெட்டியின் நீண்ட மூக்கு முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றைத் தேடிப் போவதற்கென்றே அமைத்தது. கார்புரேட்டர் எப்போதாவது பின்னோக்கித் தும்மினால் தீப்பொறியை உள்ளேயே அடக்குவதும் அந்தப் பெட்டிதான்.

பெட்டிக்குள் வைப்பது எது? தூசியில் நான் அஞ்சுவது கட்டுமானத் தூசியை. அதில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் எஞ்சினின் இரும்பைவிடக் கடினமானது. 5 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் எண்ணெய்ப் படலத்தையும் தாண்டிச் சிலிண்டர் சுவரைச் சுரண்டும். புகைமூட்டத் துகள்கள் பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்கும் கீழே. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது நம் நுரையீரல் பட்ட பாடு பெரிது. எஞ்சினுக்கு அந்த மென்மையான கரியால் அவ்வளவு தேய்மானம் இல்லை. மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர் கடினத் துகள்களை நன்றாகப் பிடிக்கும்; கொஞ்சம் தூசி படிந்த பிறகு இன்னும் நன்றாகவே பிடிக்கும். எண்ணெய்ப் பருத்தியைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் கழுவி எண்ணெய் தடவும் பொறுமை வேண்டும். நுரைப்பஞ்சு ஃபில்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பஞ்சு பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனாக இருந்தால் ஈரப்பதத்தில் மெல்லச் சிதையும். இந்த ஊர் ஈரத்தில், மாதக்கணக்கில் கார்நிறுத்தத்தில் நிற்கும் பழைய வண்டியில் அது உதிர்ந்து ஜெட்டுக்குள் போய் அடைக்கும்.

சித்தப்பாவிடம் பழைய பெட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னேன். உள்ளே போட வாங்கிய காகித ஃபில்டரின் வெளிவிட்டம், உள்விட்டம், உயரம் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டு அளந்தோம். உயரம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் மூடி ரப்பர் விளிம்பை அழுத்தாது. காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போய்விடும். சில பெட்டிகளில் குளிர்காலத்துக்கு, கோடைக்கு என்று ஒரு நெம்புகோல் இருக்கும். இவர் பெட்டியிலும் இருந்தது. யாரோ எப்போதோ அதைக் குளிர்காலத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். புகைபோக்கிப் பக்கத்துச் சூடான காற்று இத்தனை ஆண்டுகளாக உள்ளே போயிருக்கிறது. கோடைக்குத் திருப்பினோம். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு ஃபில்டருக்கு உட்புறம் கார்புரேட்டர் வாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். துணியில் மணல் நெரிந்தால் விளிம்பு இன்னும் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.