அந்த இடைவெளி எங்கே போகிறது?

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்காவுக்கு மூக்குத்தி பார்க்க சிங்கப்பூர் தேக்காவுக்குப் போயிருந்தோம். கடைக்காரர் கொடுத்த கைக்கண்ணாடியில் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி உதட்டை விலக்கிப் பார்த்தாள். “இந்தச் சந்து எனக்கு முன்ன இல்லையேடி” என்றாள். மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டுக்கும் நடுவில், ஈஸி-லிங்க் அட்டையைச் செருகலாம் போல ஓர் இடைவெளி.

அவளுக்கு வயது 44. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் அவள் மகளுக்கும் அதே இடத்தில் இன்னும் பெரிய சந்து இருக்கிறது. “எனக்கும் பாப்பாவுக்கும் சேர்த்து ஒரே நாள்ல அடைச்சிடலாமா? நீதான் கம்பி போட்டவளாச்சே, சொல்லு” என்றாள். ஆமாம், இருபது வயதில் எனக்கும் அங்கேதான் இருந்தது. பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் மூன்றும் வெவ்வேறு காரணத்தால் வந்தவை. பிசினை ஒட்டும் பாண்டிங்கா, கம்பி போடும் பிரேசஸா, பல்லின் மேல் மெல்லிய தகடு ஒட்டும் வெனீரா என்று பலரும் எதை வைத்து அடைப்பது என்பதில் தொடங்குகிறோம். ஏன் திறந்தது என்பதில்தான் தொடங்க வேண்டும்.

பாப்பாவின் சந்துக்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். ஏழெட்டு வயதில் முளைக்கும் முன்பற்கள் பல பிள்ளைகளுக்கு விசிறி போல விரிந்தே நிற்கும். மேல் கோரைப் பற்கள் அப்போது தாடை எலும்புக்குள் உயரத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருக்கும். போகிற வழியில் பக்கத்துப் பற்களின் வேர்களை நடுப்பக்கமாக அழுத்தும். வேர் உள்ளே சாய்ந்தால் பல்லின் தலை வெளியே சாயும், அவ்வளவுதான். 11, 12 வயதில் கோரைப் பல் வெளியே வந்ததும் அதே அழுத்தம் தலைப்பகுதிக்கு இறங்கி, பற்களை நடுவுக்குத் தள்ளிவிடும். சுமார் 2 மில்லிமீட்டர் வரையுள்ள சந்து பெரும்பாலும் இப்படித் தானாகவே மூடிக்கொள்ளும்.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. விரல் சூப்பும் பழக்கம், எலும்புக்குள் ஒளிந்திருக்கும் கூடுதல் பல், மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் தசை மடிப்பு தடித்து இரு பற்களுக்கு இடையே இறங்கியிருப்பது. கடைசியாகச் சொன்னதை வீட்டிலேயே பார்க்கலாம். மேலுதட்டை மெல்லத் தூக்கி இழுக்கும்போது பற்களுக்கு நடுவிலுள்ள ஈறு வெளுத்தால், மடிப்பு அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்காக உடனே வெட்டிவிடச் சொல்வதும் சரியில்லை. வெட்டிய இடத்தில் வரும் தழும்பே பற்கள் சேர்வதைத் தடுக்கலாம் என்பதால், வழக்கமாகப் பற்களைச் சேர்த்த பிறகுதான் வெட்டுவார்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிப் பல் மருந்தகத்தில் கேட்டுவிடலாம்.

என் கதை வேறு. எனக்குத் தாடை பெரிது, பற்கள் சிறிது. அதனால் விழுந்த சந்து அது. பள்ளி நாட்களில் பாட்டி அதை அதிர்ஷ்டப் பல் என்பார். இருபது வயதில் நான் அந்த அதிர்ஷ்டம் வேண்டாம் என்று பிரேசஸ் போட்டுக்கொண்டேன்.

எலும்புக்குள் பதிந்திருக்கும் பல் எப்படி நகர்கிறது? பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேரைச் சுற்றிலும் சுமார் 0.2 மில்லிமீட்டர், அதாவது இரண்டு தாள்களின் கனமே உள்ள நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. அதில்தான் பல் தொங்குகிறது. கம்பி ஒரு பக்கம் மெல்லத் தள்ளும்போது அந்தப் பக்கத்துப் படலம் நசுங்கும். இரண்டொரு நாளில் எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வந்து சேரும். எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடும், அங்கே எலும்பு கட்டும் செல்கள் வேலையைத் தொடங்கும். முன்னால் கரைந்து பின்னால் கட்டப்பட, பல் அந்த வழியே மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் போகும். “கொஞ்சம் டைட்டா முறுக்குங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்” என்று நானும் கேட்டிருக்கிறேன். அழுத்தம் அதிகமானால் படலத்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும், எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வரமுடியாது, பல் நகராமல் நின்றுவிடும். அதனால் மெல்லத் தள்ளினால்தான் பல் ஒழுங்காக நகரும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இடைவெளி மறைந்துபோவதில்லை, வேறு இடத்துக்குப் போகிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு நீளப் பெஞ்சில் பத்துப் பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் இருவர் மட்டும் நெருங்கினால் அவர்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புதிதாக இடம் விழும். எல்லாரும் நகர்ந்தால்தான் காலியிடம் ஓரத்துக்குப் போகும். பல் வரிசையும் அப்படித்தான். சில சமயம் முன்பற்கள் துருத்தியிருந்தால் மொத்த வரிசையையும் உள்ளே இழுத்து வளைவைச் சுருக்கி இடத்தைத் தீர்ப்பார்கள். கீழ்ப்பல் பின்னால் முட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் வழியில்லை. அதனால்தான் ‘ஒரே ஒரு சந்துதானே’ என்று நினைத்துப் போனவருக்கு மருத்துவர் வாய் முழுவதற்கும் கம்பி போடச் சொல்கிறார்.

எனக்குப் போட்டது பவர் செயின். வளையம் வளையமாகக் கோத்த ரப்பர். போட்ட அன்றே மீன்தலைக் கறி சாப்பிட்டு, மறுநாள் காலையில் அது மஞ்சளாகிவிட்டது. பற்களின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் என்றால் இந்தத் தொல்லை இல்லை, சாப்பிடும்போது கழற்றிவிடலாம். ஒவ்வொரு அலைனரும் பல்லை அதிகபட்சம் கால் மில்லிமீட்டர் வரைதான் நகர்த்தும், தினமும் 20 முதல் 22 மணிநேரம் வாயில் இருக்க வேண்டும். காலை டீ, பதினோரு மணி டீ, மதியச் சாப்பாடு, மாலை டீ என்று கழற்றிக்கொண்டே இருப்பவர்கள் அந்த மணிநேரத்தை நேர்மையாகக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ஒட்டி அடைக்கும் பாண்டிங் இன்னொரு வழி. 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பல்லின் வெளி ஓடான எனாமலில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவினால் பிசின் நன்றாக ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினார். அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் போடுகிறது, பிசின் அவற்றுக்குள் இறங்கி, நீல ஒளி பட்டதும் கெட்டியாகிக் கொக்கி போலப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் பல்லைச் சீவ வேண்டியதில்லை, ஒரே நாளில் முடிந்துவிடும். நாளடைவில் மஞ்சளும் டீயும் கறைபடுத்தும், ஓரம் உடையும், சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் எவ்வளவு பெரிய இடைவெளியை இப்படி அடைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மேல் நடுப்பல் சுமார் 8.5 மில்லிமீட்டர் அகலம், 10.5 மில்லிமீட்டர் உயரம். சந்து 1 மில்லிமீட்டர் என்றால் பல்லுக்கு அரை மில்லிமீட்டர் கூடும், யாருக்கும் தெரியாது. சந்து 2 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பல்லும் 9.5 ஆகி, கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும். பக்கத்துப் பல் பிறவியிலேயே ஆணி போலச் சிறுத்திருப்பவர்களுக்கோ பாண்டிங்தான் மிகச் சரியான வழி. குறைவது பல்லின் அளவு என்னும்போது அளவைத்தானே கூட்ட வேண்டும்? வெனீருக்குப் பல நேரம் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலைச் சீவ வேண்டியிருக்கும். எனாமலைக் கட்டும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால் சீவியது மீண்டும் வளராது. இருபது வயதுப் பிள்ளையின் நல்ல பல்லை ஒரு சந்துக்காகச் சீவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு முன்பற்களைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வீட்டிலேயே சந்தை மூடும் காணொளிகளைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பல் மேலே போகப் போகக் கூம்பாகக் குறுகுகிறது. ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறி, வேரோடு வேராகப் போய், சுற்றியுள்ள எலும்பை அழித்துவிடும். சந்து மூடிய மகிழ்ச்சியில் இருப்பவருக்கு ரப்பர் எங்கே போனது என்றே தெரியாது. நல்ல பற்கள் இரண்டும் ஆடி விழுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தயவுசெய்து வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

அக்காவின் சந்துதான் மூன்றிலும் அவசரமானது. பெரியவர்களுக்குப் புதிதாகத் திறக்கும் சந்து பெரும்பாலும் ஈறு நோயின் அடையாளம். அவளுக்கு ஐந்து வருடமாக நீரிழிவு. இங்குள்ள இந்தியர்களிடையே அது அதிகம், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோயும் எளிதில் வரும். பல் மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுப் பல்லுக்குப் பல் எண்களைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். ஈறு எத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பிரிந்திருக்கிறது என்ற எண்கள் அவை. 3 வரை நல்லது. அக்காவுக்கு முன்பற்களில் 5, 6 என்று வந்தது. வேரைப் பிடித்திருந்த எலும்பு கரைந்திருந்தது. பிடிப்பு குறைந்த பல்லை நாக்கும் கீழ்ப்பல்லும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டன.

இந்த நிலையில் பாண்டிங் வைத்தால் சந்து மறையும், நோய் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். பிரேசஸ் போட்டால் இன்னும் மோசம், வீங்கிய ஈறில் பல்லை நகர்த்தினால் எலும்பு வேகமாகக் கரையும். முதலில் ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்து நோயை நிறுத்த வேண்டும். பிறகு மென்மையான விசையில் சேர்க்கலாம். சேர்ந்த பிறகும் ஈறுப் பக்கம் ஒரு கறுப்பு முக்கோணம் தெரியலாம். பற்கள் தொடும் புள்ளிக்கும் எலும்புக்கும் இடையே 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று 1992இல் அமெரிக்கப் பல் மருத்துவர் டென்னிஸ் டார்னோவும் அவர் குழுவினரும் அளந்து சொன்னார்கள். 7 மில்லிமீட்டர் என்றால் நாலில் ஒருவருக்குத்தான் நிரம்புகிறது. எலும்பு இறங்கிவிட்ட அக்காவுக்கு அங்கே கொஞ்சம் பாண்டிங் வைக்க வேண்டி வரலாம்.

செலவையும் பார்த்தோம். சாஸ் என்ற அரசு மானியத் திட்டம் குறிப்பிட்ட சில பல் சிகிச்சைகளுக்குத்தான், பிரேசஸும் வெனீரும் அதில் வராது. பிரேசஸுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலும் எடுக்க முடியாது. “ஜோகூர்ல மலிவாச்சே” என்றார் மச்சான். ஒருநாள் வேலைக்குச் சரி. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை என ஒன்றரை வருடம் மலேசியாவுக்குப் பாலத்தைக் கடக்க முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன்.

மூடிய சந்து மீண்டும் திறக்கும் என்பதற்கு நானே சாட்சி. ஈறுக்குள் இழுபட்ட நார்கள் ரப்பரைப் போலப் பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கும். அவை புது இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதுவரை பற்களைப் பிடித்து வைக்கும் ரிடெய்னரை நான் ஆறாவது மாதமே போடாமல் விட்டேன், பாதிச் சந்து திரும்பிவிட்டது. இரண்டாவது முறை சேர்த்த பிறகு பற்களின் பின்புறம் மெல்லிய முறுக்குக் கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள். நாக்கால் தடவினால் இப்போதும் தட்டுப்படும்.

அக்காவுக்கு ஈறு சுத்தம் இரண்டு தடவை முடிந்திருக்கிறது. காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் வருவது நின்றுவிட்டது என்றாள். அடுத்த மாதம் மறுபடி அளப்பார்கள். 6 இருந்த இடத்தில் 4க்குக் கீழே வந்தால்தான் கம்பியைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.