வந்த தண்ணீர் வெளியேறாத மண்

எஸ்மரால்டா கவுண்டியில் மேல்நிலைப் பள்ளி கிடையாது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் டோனோபாவுக்குப் பஸ் ஏறிப் போய்ப் படிக்கிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லையை ஒட்டிக் கிடக்கும் இந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்) பரப்பில் கிட்டத்தட்ட சைப்ரஸ் தீவு அளவு, சுமார் 9,300 சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 729 பேர். சுமாரான ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தால் மொத்தக் கவுண்டியையும் மூன்று பந்தியில் சாப்பிட வைத்து அனுப்பிவிடலாம்.

எஸ்மரால்டா என்றால் ஸ்பானிஷ் மொழியில் மரகதம். மரகதம் என்ற சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இங்கே கிடைத்ததோ மரகதம் இல்லை. முதலில் வெள்ளி, அப்புறம் தங்கம், இப்போது லித்தியம். இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது என்னவென்றால், குடிக்கத் தண்ணீர் தேட வேண்டிய இந்த ஊருக்குத் தங்கத்தையும் லித்தியத்தையும் கொண்டுவந்து சேர்த்தது தண்ணீர்தான்.

முதலில் வறட்சி. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா மலைத்தொடரில் ஏறும்போது குளிர்ந்து, மழையையும் பனியையும் மேற்குப் பக்கமே கொட்டிவிடுகிறது. மிச்சம் மீதியை அடுத்து நிற்கும் வொயிட் மலைகள் வாங்கிக்கொள்கின்றன. நெவாடாவிலேயே உயரமான பவுண்டரி சிகரம் (சுமார் 4,007 மீட்டர்) அங்கேதான், இதே கவுண்டிக்குள்தான் இருக்கிறது. மலையைத் தாண்டி வரும் காற்று வெறுங்கையோடு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே குடியிருக்கிற நமக்கு மழைமறைவுப் பிரதேசத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தரையின் அமைப்பு. நெவாடாவின் நிலத்தின் மேலோடு ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கிழக்கு மேற்காக இழுபட்டு மெலிந்துகொண்டே வருகிறது. இழுத்த இடத்தில் விரிசல் விழுந்து, பாளம் பாளமாகச் சில பகுதிகள் இறங்கின, சில சாய்ந்து நிமிர்ந்தன. அதனால் ஒரு மலை, ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி ஒரு மலை என்று வரிசை கட்டி நிற்கிறது நிலம். இந்தப் பள்ளத்தாக்குகளில் விழும் மழைக்குக் கடலுக்குப் போக வழியே இல்லை. சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம். வந்த தண்ணீர் அங்கேயே தேங்கி, வெயிலில் காய்ந்து, தான் கரைத்துக் கொண்டுவந்ததை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி தங்கம். 1902 டிசம்பரில் ஹாரி ஸ்டிம்லர், வில்லியம் மார்ஷ் என்ற இரண்டு இளைஞர்கள் டோனோபாவுக்குத் தெற்கே தங்கப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். எல்லாச் சுரங்க முகாமுக்கும் இதுதான் தாத்தாவாக இருக்கப்போகிறது என்று 'கிராண்ட்பா' என்றே முதலில் பெயர் வைத்தார்கள். அடுத்த வருடமே அது கோல்ட்ஃபீல்ட் ஆனது. நேராகத் தமிழில் சொன்னால் தங்கவயல்.

தங்கவயல் என்றதும் நம்மில் பலருக்குக் கோலார்தான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டும் பிறந்த விதம் வேறு. கோலார் தங்கம் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான பாறையில், பூமிக்குள் வெகு ஆழத்தில் உருவானது. அதனால் ரேகையைத் துரத்திக்கொண்டு 3 கிலோமீட்டருக்கும் கீழே போக முடிந்தது. கோல்ட்ஃபீல்ட் தங்கத்துக்கு வயது வெறும் 2 கோடி ஆண்டு சொச்சம். அப்போது அங்கே எரிமலைகள் இருந்தன. கீழே பாறைக்குழம்பிலிருந்து வந்த கந்தக வாயு மேலே நிலத்தடி நீரில் கலந்து கந்தக அமிலமாக மாறியது. அந்த அமிலம் பாறையில் இருந்த பெரும்பாலான தாதுக்களை அரித்துத் தின்றுவிட்டு, கரையாத சிலிக்காவை மட்டும் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக விட்டுப்போனது. பின்னால் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வந்த வெந்நீர் அந்த ஓட்டைகளில் புகுந்து, சூடும் அழுத்தமும் குறைந்த இடத்தில் தங்கத்தைப் படியவிட்டது. இத்தனையும் தரைக்குப் பக்கத்திலேயே நடந்த வேலை. ஆக தங்கம் மேல் சில நூறு மீட்டருக்குள் மிகச் செறிவாக இருந்தது, அதற்குக் கீழே போகப் போக வற்றிவிட்டது. ஊர் எழுந்ததற்கும் விழுந்ததற்கும் காரணம் இந்த ஒரே விஷயம்தான்.

எவ்வளவு செறிவு? மொஹாக் சுரங்கத்திலிருந்து 1907 தொடக்கத்தில் ரயிலேறிய ஒரு சரக்கு புகழ்பெற்றது: சுமார் 47 டன் தாது, விலை ஏறக்குறைய 5,75,000 டாலர். அன்றைக்கு ஒரு அவுன்ஸ் தங்கம் 20.67 டாலர். கணக்குப் போட்டால் ஒரு டன் பாறைக்குக் கிட்டத்தட்ட 18 கிலோ தங்கம் வருகிறது! இன்றைக்கு டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் இருந்தாலே திறந்தவெளிச் சுரங்கம் லாபத்தில் ஓடும்.

இப்படிப்பட்ட பாறையைக் கூலிக்கு வெட்டுகிறவன் என்ன செய்வான்? பையில் போட்டுக்கொண்டான். சட்டைக்குள் ரகசியப் பை தைத்தார்கள், தொப்பிக்கு இரட்டை உச்சி வைத்தார்கள். திருட்டுத் தாதுவைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளத் தங்கப் பரிசோதனைக் கடைகள் ஊரில் நிறைய இருந்தன. முதலாளிகள் உடை மாற்றும் அறை வைத்தார்கள்: வேலை முடிந்தால் கண்காணிப்பாளர் முன்னால் வேலை உடுப்பைக் களைந்துவிட்டு அந்தப் பக்கம் போய் வேறு உடுப்பு போட வேண்டும். தொழிலாளர்கள் கொதித்தார்கள். கூலியும் ஒழுங்காக ரொக்கமாக வராதபோது பகை முற்றி, 1907 டிசம்பரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ராணுவத்தையே அனுப்பும் அளவுக்குப் போனது. தொழிலாளர் சங்கம் நொறுங்கியது.

உச்சத்தில் அங்கே 20,000 பேர் வரை இருந்ததாகச் சொல்கிறார்கள், அப்போது நெவாடாவிலேயே பெரிய ஊர் அதுதான். 1906ல் ஜோ கான்ஸும் பேட்லிங் நெல்சனும் வெயிலில் 42 சுற்று குத்துச்சண்டை போட்டதும் இங்கேதான். அப்புறம் தாது குறைந்தது. 1910 கணக்கெடுப்பில் கவுண்டியில் 9,369 பேர், 1920ல் 2,410. 1913ல் திடீர் வெள்ளம் (ஆமாம், பாலைவனத்தில்தான்), 1923ல் தீ. யாரோ கள்ளச்சாராயம் காய்ச்சியதில் பிடித்தது என்று ஊர்க்கதை. 1907ல் கட்டிய கல் நீதிமன்றம் தப்பித்து நிற்கிறது, இன்னும் வேலையும் செய்கிறது.

சரி, அந்தப் பள்ளத்துக்கு வருவோம். கோல்ட்ஃபீல்டுக்கு மேற்கே கிளேட்டன் பள்ளத்தாக்கு. சுற்றியிருக்கும் பள்ளத்தாக்குகளை விடத் தாழ்ந்தது, ஆகவே பக்கத்து நிலத்தடி நீரும் பாறை இடுக்கு வழியாக இதற்குள்ளேயே கசிந்து வருகிறது. வரும் வழியில் எரிமலைச் சாம்பலிலும் களிமண்ணிலும் இருக்கும் லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. பூமிச்சூட்டில் வெந்த நீர் இன்னும் நன்றாகக் கரைக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகள் வருவதும் காய்வதுமாக இருந்ததில் கீழே உப்புநீர் அடர்ந்தது. அந்த உப்புநீரைத் தாங்கும் அடுக்குகளில் ஒன்று, சுமார் 7,60,000 ஆண்டுகளுக்கு முன் கலிஃபோர்னியாவின் லாங் வேலி எரிமலை வெடித்தபோது வந்து விழுந்த சாம்பல் என்று கருதப்படுகிறது.

இங்கே சில்வர் பீக் என்ற சிற்றூரில் 1966 முதல் லித்தியம் எடுக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை புரிந்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து உப்புநீரை இறைத்துப் பெரிய பாத்திகளில் விடுகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, முதலில் சாப்பாட்டு உப்பு படிகமாகிப் பாத்தியடியில் தங்குகிறது. நம் உப்பளத்தில் அந்த உப்பை வாரிக்கொண்டு, மிஞ்சும் கசப்புத் தண்ணீரைக் கழித்துவிடுவோம். சில்வர் பீக்கில் நேர்தலைகீழ்: உப்பை விட்டுவிட்டு மிச்சத் தண்ணீரை அடுத்த பாத்திக்கு நகர்த்துகிறார்கள், ஏனென்றால் எளிதில் படியாத லித்தியம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. நடுவில் சுண்ணாம்பு போட்டு மக்னீசியத்தைப் பிரிக்கிறார்கள். பாத்தி பாத்தியாக நகர்ந்து ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து ஆலைக்குள் வருகிற நீரில் லித்தியம் ஆரம்பத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். அதில் சலவைச் சோடாவைச் சேர்த்தால் வெள்ளைப் பொடியாக லித்தியம் கார்பனேட் விழும். இரண்டு வருட வேலைக்கு எரிபொருள் பெரும்பாலும் வெயில்தான். மழை அதிகமாகப் பெய்தால் இந்தத் தொழில் படுத்துவிடும்.

1966ல் லித்தியம் பேட்டரியை யார் கண்டார்கள்? கண்ணாடி, பீங்கான், கிரீஸ் என்றுதான் அப்போது வியாபாரம். பேட்டரிக்காக உலகமே அலையும்போது இங்கே உப்புநீர் இளைத்துக்கொண்டு வருகிறது. தொடக்க காலத்தில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் பக்கம் இருந்த லித்தியம் இப்போது அதில் பாதிக்கும் கீழே.

அதனால் கண் பக்கத்து மலைக்குப் போயிருக்கிறது. ரயோலைட் ரிட்ஜில் பழைய ஏரிப் படிவுப் பாறையில் லித்தியமும் போரானும் சேர்ந்து இருக்கின்றன. அதே மண்ணில், உலகத்தில் வேறெங்கும் இல்லாத 'டீம்ஸ் பக்வீட்' என்ற சின்னச் செடி வளர்கிறது, மொத்தமே சுமார் 10 ஏக்கரில். வேறு செடிகள் திணறுகிற அந்த மண்ணே இதற்குப் பிடித்தமான மண். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. 2024 அக்டோபரில் சுரங்கத்துக்கும் அனுமதி கொடுத்தது.