புது மீன் தொட்டியின் முதல் ஐந்து வாரங்கள்

புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் முதல் நாளே செத்துவிடுவதில்லை. நான்காம் நாளோ ஏழாம் நாளோ மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்திருக்கும், மறுநாள் காலையில் மிதக்கும். தண்ணீர் மட்டும் பளிங்காக இருக்கும். கொன்றது அம்மோனியா. அதற்கு நிறம் கிடையாது.

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் வருவது அதுவே. தண்ணீரில் இது இரண்டு உருவில் இருக்கும்: கொடிய நஞ்சான அம்மோனியா, அவ்வளவு கெடுதல் செய்யாத அம்மோனியம். எது எவ்வளவு என்பதை முக்கியமாக பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், முடிவு செய்கிறது. 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் சுமார் 0.7 சதவீதம்தான் நஞ்சு; பிஎச் 8 என்றால் 6.5 சதவீதம். சோதனைக் குப்பி இரண்டையும் சேர்த்தே காட்டும். அதனால் பிஎச்சையும் பார்க்காமல் அம்மோனியா எண்ணை மட்டும் படிப்பது அரைகுறைதான்.

இந்தக் கழிவைத் தின்ன இரண்டு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். வேறொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1998இல் வெளியான ஆய்வு, நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல. ஃபில்டரின் ஸ்பான்ஜிலும் அடியில் கிடக்கும் சரளையிலும் ஒட்டி வாழ்பவை. வளர்ச்சியும் மந்தம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு நல்ல சூழலிலும் பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மூன்று முதல் ஆறு வாரக் காத்திருப்புக்கு இதுதான் காரணம். நம் ஊர் வெப்பம் இவற்றுக்கு மிகவும் பிடிக்கும்; சென்னையில் இதற்கென்று ஹீட்டர் தேவையில்லை.

மீனை விடாமலே இவற்றை வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சரளையும் மேல் இடைவெளியும் போக 45 முதல் 50 லிட்டர் பிடிக்கும். குழாய்த் தண்ணீர் என்றால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீருக்கு அது போதாது, குளோரின் நீக்கும் மருந்தை ஊற்றியே ஆக வேண்டும். ஸ்பான்ஜ் ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள்.

பாக்டீரியாவின் தீனிக்கு அம்மோனியம் குளோரைடு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தேய்க்கும் நவச்சாரம் இதுதான். ஆனாலும் கடைச் சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. ஆய்வகத் தரத்தில் வாங்குவதே நல்லது. 3 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். இதில் 10 மில்லியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து விட்டால், 50 லிட்டரில் அம்மோனியா ஏறத்தாழ 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஆகும். அதற்கு மேல் ஊற்றுவதால் சைக்கிள், அதாவது இந்த பாக்டீரியா வளர்ந்து தொட்டி தயாராவது, வேகமாகாது.

தொடங்கும் முன் மூலத் தண்ணீரைச் சோதித்து எழுதி வையுங்கள். பல போர்வெல்களில் நைட்ரேட் முன்பே இருக்கும். அந்த எண் தெரியாவிட்டால், பின்னால் நைட்ரேட்டைக் கண்டு சைக்கிள் முடிந்ததென்று ஏமாந்துபோவோம். சோதனைப் பட்டைகளைவிடச் சொட்டு மருந்துக் குப்பிகளே நம்பகமானவை. குப்பியை நேராகக் கவிழ்த்துச் சொட்டவிட வேண்டும். சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள். நைட்ரேட் சோதனையில்தான் பலர் தவறுகிறார்கள். அதன் இரண்டாம் குப்பியில் மருந்து அடியில் படியும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் இருக்கிற நைட்ரேட்டும் பூஜ்யமாகத் தெரியும். தவிர, இந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. எனவே நைட்ரைட் மிகுந்திருக்கும் நாட்களில் நைட்ரேட் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதல் பத்து நாள் பெரிதாக ஒன்றும் நடக்காது. பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூஜ்யத்தைத் தொடும்போதெல்லாம் மறுபடி 10 மில்லி. நைட்ரைட், சோதனையோடு வரும் நிற அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டால், ஒரு பங்கு தொட்டி நீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். அது இறங்கும்வரை அம்மோனியாவை நிறுத்தி வையுங்கள்.

மூன்றாம் வாரத்தில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது என்று பலர் தவிப்பார்கள். பாக்டீரியா புட்டி வாங்கி ஊற்றுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது கேஎச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை; அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையை அளப்பது இதுதான். நைட்ரோசோமோனாஸ் தன் வேலையில் அமிலத்தை வெளியிடுகிறது; ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை தீர்கிறது. கணக்குப் போட்டால், ஒவ்வொரு 2 பிபிஎம் தவணைக்கும் கேஎச் முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். கேஎச் மிகுந்த போர்வெல் நீரில் இது தெரியாது. கேன் தண்ணீரோ ஆர்ஓ நீரோ ஊற்றிய தொட்டியில் கேஎச் 2 இருந்தால், மூன்றே தவணையில் காலி. அதன்பின் பிஎச் 6 பக்கம் சரியும், பாக்டீரியா பட்டினியில்லாமலே படுத்துவிடும். அதற்கு மருந்து சமையல் சோடா: 50 லிட்டருக்கு 1.5 கிராம் போட்டால் கேஎச் ஒரு டிகிரி ஏறும். கேஎச்சை 4க்குக் கீழே விடாதீர்கள். மீன் இல்லாத தொட்டி என்பதால் ஒரே நேரத்தில் ஏற்றலாம்.

நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பான்ஜ் ஒன்று கிடைத்தால் இத்தனை வாரமும் ஒன்றிரண்டாகச் சுருங்கும். ஈரம் காயாமல் அன்றே கொண்டுவந்து போட வேண்டும்.

10 மில்லி ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். எட்டு தவணை போயிருந்தால் நைட்ரேட் 60 பிபிஎம் அருகில் நிற்கும். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, அன்றோ மறுநாளோ மீனை விடுங்கள். தள்ளிப்போட்டால் பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை. சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று இரவில் பம்ப்பை அணைப்பதும், ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிவதும் இத்தனை வார உழைப்பையும் கெடுக்கும். அழுக்கு ஸ்பான்ஜை, தொட்டியிலிருந்து எடுத்த வாளி நீரில் இரண்டு முறை அமுக்கினால் போதும்.

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டவர்கள் தீனியை இரண்டு நாள் நிறுத்தி, அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம் காட்டும் நாளெல்லாம் குளோரின் நீக்கிய நீரால் பாதி மாற்ற வேண்டும். நைட்ரைட், செவுளில் குளோரைடு நுழையும் அதே வழியில் ரத்தத்துக்குள் போய், ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கிப் பழுப்பாக மாற்றிவிடுகிறது. 50 லிட்டருக்கு 5 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் குளோரைடு முந்திக்கொண்டு அந்த வழியை அடைக்கும். மாற்றும் தண்ணீருக்கும் அதே விகிதத்தில் உப்பைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், நைட்ரைட் பூஜ்யமாகும்வரை.